தாயக் கட்டமும் கைபேசியும்

ஒருவர் ஆடி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டிய ஆட்டங்கள் உண்டு. தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி, பரமபதம், சதுரங்கம், சீட்டு எல்லாம் இந்த வகை. ஓடிப் பிடிக்கும் ஆட்டங்களுக்கு வெளியிடமும் உடல் வலுவும் வேண்டும். முறை வைத்து ஆடுபவற்றுக்கு ஒரு திண்ணையும் எதிரில் உட்கார ஓர் ஆளும் போதும். இன்று கைபேசியில் பெருங்கூட்டம் ஆடும் ஆட்டங்களில் பலவும் இதே வகைதான். வீட்டுத் தரையில் கோடு போட்டு ஆடியவையே கண்ணாடித் திரைக்கு ஏறியிருக்கின்றன. ஏறும்போது விதிகள் அதிகம் மாறவில்லை. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே கிடக்கும் நேரம்தான் மாறியது. திண்ணையில் அந்த நேரம் பேச்சுக்குப் போயிற்று. கைபேசியில் அது விலைக்கு வந்தது.

இந்த மாற்றம் நடந்த வட்டாரங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு மேற்கே, மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலைத் தாண்டிக் குமணன்சாவடிக்கு முன்னால் வருவது காட்டுப்பாக்கம். ஒரு பக்கம் போரூர் ஏரி, இன்னொரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. அடுக்குமாடிக் குடியிருப்புகள் வருவதற்கு முன்பு இந்த வட்டாரம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. அறுவடை முடிந்து அடுத்த நடவு வரும்வரை விவசாயக் குடும்பங்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாதங்களே தொண்டை மண்டலம் எங்கும் தாயத்தின் பருவம். தரையில் சுண்ணாம்பாலோ கரியாலோ கட்டம் போடுவார்கள். காய்களுக்குக் கூழாங்கல், வளையல் துண்டு, புளியங்கொட்டை என்று கைக்கு வந்தது எதுவும் ஆகும். உருட்டுவதற்கு மட்டும் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு வேண்டும். அதுவும் இல்லையென்றால் சோழியோ ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையோ அந்த வேலையைச் செய்யும்.

தாயக்கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம்: 1, 2, 3, நான்காவது வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் ஒன்று விழுவது தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. காயை உள்ளே இறக்கத் தாயம் விழுந்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். ஐந்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போவதற்கு ஏறக்குறைய பாதி வாய்ப்பு இருக்கிறது. எதிராளியின் காய்கள் சுற்றி வந்துகொண்டிருக்க, தன் காய் ஒன்றுகூட இறங்காமல் உட்கார்ந்திருப்பவரைக் கேலி செய்வது ஆட்டத்தில் எழுதாத விதி. இதற்கு ஈடுகட்டும் ஏற்பாடும் உண்டு. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம்; பதினாறில் ஆறு தடவை, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், இந்தச் சலுகை கிடைக்கும். எதிரியின் காயை வெட்டினாலும் மறு உருட்டு. மலையில் ஏறிய காயை வெட்ட முடியாது. நடுக்கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த காய் பழம். தோற்றுக்கொண்டிருப்பவர் ஒரே உருட்டில் தலைகீழாக மாற்ற முடியும் என்பதால் யாரும் பாதியில் எழுந்து போவதில்லை. பிற்காலத்தில் கைபேசி ஆட்ட நிறுவனங்கள் பெரிய சம்பளம் கொடுத்து ஆள் வைத்துத் தேடிய குணம் இது.

பரமபதத்துக்கு வேறு வேலை. வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழித்திருக்க வேண்டும். வைணவ வீடுகளில் அந்த இரவைக் கழிக்க விரிக்கப்பட்ட படம் இது. திருக்கச்சி நம்பி பிறந்த பூந்தமல்லியும் ஆழ்வாரின் திருமழிசையும் அருகருகே இருக்கும் இந்தப் பகுதியில் அந்த வழக்கம் வேரூன்றியிருந்தது. நற்செயலுக்கு ஏணி, பாவத்துக்குப் பாம்பு, உச்சியில் வைகுண்டம். ஆட்டக்காரர் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை, உருட்டியது உருட்டியதுதான். அப்படியிருந்தும் ஓர் இரவு முழுக்க அது தாங்கும். தூக்கம் வராமல் பார்த்துக்கொள்வதே ஆட்டத்தின் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒரே ஆட்டம் அநேகமாக இதுதான்.

அறிவுக்கு வேலை தரும் ஆட்டங்கள் மறுபக்கம் இருந்தன. பல்லாங்குழியில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழி. போட்ட சோழிகளை நினைவில் வைத்துக் கணக்கிடுபவருக்கே வெற்றி. மூன்று புலி, பதினைந்து ஆடு கொண்ட ஆடுபுலியில் அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது. கோயில் மண்டபத் தரைகளில் அதன் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைத் தமிழ்நாடெங்கும் காணலாம். பந்தயம் வைத்து ஆடுவது இவற்றிலிருந்து தள்ளியே வைக்கப்பட்டது. திருக்குறள் ஓர் அதிகாரம் முழுவதையும் சூதுக்கு எதிராக ஒதுக்கியது. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் தருமன் நாட்டைத் தோற்கும் கூத்தை விடிய விடியப் பார்த்த ஊர்களில், உருட்டுக்கும் பணத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்க வேண்டும் என்பதை யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவின் இந்த ஆட்டங்களை முதலில் சரக்காக்கியவர்கள் ஆங்கிலேயரும் அமெரிக்கரும். தாயத்தின் உறவான பச்சீசி 1860களின் இறுதியில் அமெரிக்காவில் ‘பார்ச்சீசி’ ஆயிற்று. இங்கிலாந்தில் 1896இல் அதே ஆட்டம் கனசதுரப் பகடையோடு ‘லூடோ’ என்று காப்புரிமை பெற்றது. பரமபதத்தின் வழிவந்த பாம்பும் ஏணியும் 1890களில் லண்டன் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அங்கே வைகுண்டம் போய் நூறாவது கட்டம் வந்தது. பின்னர் ஒரு பக்கம் லூடோ, மறுபக்கம் பாம்பு ஏணி அச்சிட்ட அட்டையாக இரண்டும் தமிழ்நாட்டுப் பலசரக்குக் கடைகளுக்கே திரும்பி வந்தன. கோடை விடுமுறையில் வாங்கிய அந்த அட்டை பள்ளி திறப்பதற்குள் நடுவே மடிந்து கிழிந்துவிடும். பிளாஸ்டிக் காய்களில் ஒன்று தொலைந்தால் சட்டைப் பொத்தான் அந்த இடத்துக்கு வரும். ஒருமுறை வாங்கினால் அதன்பின் அட்டை விற்றவருக்கு வருமானம் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு இந்த வியாபாரம் இவ்வளவுதான்.

இதற்கிடையில் மேற்குப் புறநகர் வயலிலிருந்து ஆலைக்கு மாறியது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராயின. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும் கம்பெனிப் பேருந்துகள் இந்த வட்டாரத்தின் அன்றாடக் காட்சியாயின. ஷிப்டுக்குக் காத்திருப்பது, பேருந்துக்குக் காத்திருப்பது, போக்குவரத்து நெரிசலில் உட்கார்ந்திருப்பது என்று ஓய்வு நேரம் சில்லறையாகச் சிதறியது. நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து தாயம் உருட்டும் முழு மதியம் இனி இல்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று துண்டுகள் மட்டுமே மிஞ்சின.

அந்தத் துண்டுகளுக்குப் பொருத்தமான கருவியே ஸ்ரீபெரும்புதூரில் தயாரானது. நோக்கியா தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. வரித் தகராறில் சிக்கி 2014 நவம்பர் 1 அன்று மூடப்படும்வரை கோடிக்கணக்கான கைபேசிகள் அங்கிருந்து வெளியேறின. நோக்கியா என்றாலே நினைவுக்கு வரும் பாம்பு ஆட்டம் 1997இல் 6110 மாடலில் பின்லாந்துப் பொறியாளர் தனேலி அர்மன்டோ எழுதியது. அது முறை வைத்து ஆடும் ஆட்டமல்ல. விரல் நிற்கக் கூடாது. ஆனாலும் கைபேசி என்பது பேசுவதற்கு மட்டுமல்ல, சும்மா இருக்கும் நேரத்தைத் தின்பதற்கும்தான் என்பதைப் பெரியவர்களுக்குக் கற்றுத்தந்தது அதுதான். கைபேசியோடு சேர்ந்தே வந்ததால் அதில் தனி வருமானம் யாருக்கும் இல்லை.

முறை வைத்து ஆடும் ஆட்டங்களுக்குக் கைபேசியில் இயல்பான ஒரு வசதி இருந்தது. இணையம் மெதுவாக இருந்தாலும் ஒரு நகர்த்தலைச் சொல்லச் சில எழுத்துகள் போதும். நடுவில் அழைப்பு வந்தாலும் ஆட்டம் கெடாது. இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அஞ்சலட்டையில் ஒரு நகர்த்தலை எழுதிப் போட்டுப் பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருந்த சதுரங்கப் பிரியர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. அதை இணையத்தில் கோடிக்கணக்கானவர்களுக்கான பொழுதுபோக்காக்கலாம் என்று காட்டியவர்களில் முதன்மையானவர்கள் கொல்கத்தாவின் ரஜத், ஜெயந்த் அகர்வாலா சகோதரர்கள். ‘ஸ்கிராபிள்’ சொல்லாட்டத்தைப் போன்ற ‘ஸ்கிராபுலஸ்’ 2007இல் அவர்களால் ஃபேஸ்புக்கில் ஏறியது. அலுவலகத்தில் காலையில் ஒரு சொல், மதியம் ஒரு சொல் என்று ஆடலாம். நாளொன்றுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள். ஸ்கிராபிளின் அமெரிக்க உரிமையாளரான ஹாஸ்ப்ரோ 2008 ஜூலையில் வழக்குத் தொடுத்தது. சில நாட்களிலேயே வட அமெரிக்காவில் ஆட்டம் மறைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வட அமெரிக்காவுக்கு வெளியே ஸ்கிராபிளின் உரிமையாளரான மேட்டல் தொடுத்த வழக்கில், பலகைக்குப் பதிப்புரிமை கிடையாது, பெயரை மட்டும் பயன்படுத்தக் கூடாது என்றது. பெயரை ‘லெக்சுலஸ்’ என்று மாற்றிக்கொண்டு ஆட்டம் தொடர்ந்தது; ஆனால் அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தை அள்ளியது 2009இல் அமெரிக்காவில் பெட்னர் சகோதரர்கள் வெளியிட்ட ‘வேர்ட்ஸ் வித் ஃபிரண்ட்ஸ்’. அதே ஆண்டு ஆப்பிள் கொண்டுவந்த அறிவிப்பு வசதி அதற்குக் கை கொடுத்தது. எதிராளி ஆடியவுடன் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்து, உங்கள் முறை என்று கூப்பிடும். திண்ணையில் ஆட்டக்காரர் ஆட்டத்தைத் தேடிப் போனார். இங்கே ஆட்டம் ஆளைத் தேடி வந்தது. 2010 இறுதியில் ஜிங்கா நிறுவனம் அதை வாங்கியது.

காத்திருப்புக்கு நேரடியாக விலைச்சீட்டு ஒட்டியது 2012இல் வந்த ‘கேண்டி க்ரஷ் சாகா’. எதிராளி இல்லாமல், எண்ணி வைத்த நகர்த்தல்களுக்குள் ஒருவரே ஆடி முடிக்க வேண்டிய ஆட்டம். தோற்றால் ஓர் உயிர் போகும். மொத்தம் ஐந்து உயிர். போன உயிர் ஒன்று திரும்ப அரை மணி நேரம் ஆகும். காத்திருக்க விரும்பாதவர் காசு கொடுக்கலாம், அல்லது நண்பரிடம் உயிர் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் காசு கொடுக்கவே மாட்டார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். கொடுக்கும் சிறு கூட்டத்தைக் கொண்டே முழுச் செலவும் தேறி மேலே லாபமும் வரும். கேட்டுக் கேட்டு உயிர் வாங்குபவர் புதிய ஆட்களை இழுத்து வருவதால் அவரும் நிறுவனத்துக்கு லாபமே. இந்த ஆட்டத்தை உருவாக்கிய கிங் நிறுவனத்தை 590 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் வாங்கியபோது, அரை மணி நேரக் காத்திருப்பின் சந்தை மதிப்பு எவ்வளவு என்பது உலகுக்குத் தெரிந்தது.

இந்தியாவில் அந்த வழி அப்படியே செல்லாது. இங்கே ஆட்டத்துக்காகக் காசு கொடுப்பவர் மிகக் குறைவு, ஆடுபவர்களோ கோடிக்கணக்கில். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபின் விளம்பரமே முதன்மை வழியாயிற்று. நவி மும்பையின் கேமேஷன் நிறுவனத்தைத் தொடங்கிய விகாஷ் ஜெய்ஸ்வால் அதே 2016இல் வெளியிட்ட ‘லூடோ கிங்’ இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டது. இணையத்தில் முகம் தெரியாதவரோடு ஆடலாம். ஓர் அறை எண்ணை அனுப்பி உறவினரை அழைக்கலாம். நெட் இல்லாவிட்டால் ஒரே கைபேசியைக் கை மாற்றி ஆடலாம். விதியைச் சொல்லித்தரத் தேவையே இல்லை, ஏனென்றால் பாட்டிக்கும் அது தெரியும். பாட்டிக்குத் தெரிந்த ஆட்டத்தை விளம்பரப்படுத்தச் செலவும் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்தச் செயலி வீட்டுக்கு வீடு நுழைந்தது. நாள் ஒன்றுக்கு ஆடுவோர் எண்ணிக்கை ஐந்து கோடியைக் கடந்தது. அந்த ஆண்டு குரல்வழிப் பேச்சு வசதியும் சேர்க்கப்பட்டது. உருட்டலுக்கு இடையில் பேசிக்கொள்ளாத லூடோ பாதி லூடோதான் என்பதை நிறுவனம் புரிந்துகொண்டதற்கு அது அடையாளம். அடுத்த ஆண்டு பதிவிறக்கம் 50 கோடியைத் தாண்டியது. இந்தியாவில் உருவான ஆட்டங்களில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே.

வருமானம் வரும் வழி எளியது. ஆட்டத்தில் நுழையக் கற்பனை நாணயம் கட்ட வேண்டும். தோற்றால் நாணயம் போகும். தீர்ந்துபோனவர் அரை நிமிட விளம்பரம் ஒன்றைப் பார்த்தால் கொஞ்சம் நாணயம் கிடைக்கும். ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் இன்னொரு விளம்பரம். வண்ணப் பகடை, அலங்காரப் பலகை வேண்டுவோர் காசு கொடுத்து வாங்கலாம். ஒருவர் பார்க்கும் விளம்பரத்துக்குக் கிடைப்பது சில பைசா என்பதால் கோடிக்கணக்கான ஆட்கள் இல்லாமல் இந்தக் கடை ஓடாது.

பகடை மீதான சந்தேகமும் கூடவே வளர்ந்தது. லூடோவில் காய் இறங்க ஆறு விழ வேண்டும். பத்து முறை உருட்டியும் ஆறு விழாமல் போவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நடக்கக் கூடியதே. தாயக்கட்டை கண் முன்னால் உருளும்போது அதை விதி என்றோ உருட்டியவரின் கை என்றோ விட்டுவிடுவார்கள். கணினி உருட்டும் பகடை கண்ணுக்குத் தெரியாத கணக்கு. ஆகவே பழி நிறுவனத்தின் மேல் விழும். பணம் வைத்து ஆடும் லூடோ செயலி ஒன்றை எதிர்த்து, இது திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று கேட்டு 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கே மனு போயிற்று.

எல்லா ஆட்டமும் இவ்வளவு சுலபமாகத் திரைக்கு இடம்பெயரவில்லை. இருமுறை உலக சாம்பியனான மரிய இருதயம், வியாசர்பாடியின் இளவழகி ஆகியோரைத் தந்த சென்னையின் கேரம், மினிக்ளிப் நிறுவனத்தின் ‘கேரம் பூல்’ வடிவில் பெரும் வெற்றி கண்டது உண்மை. ஆனால் பவுடர் தூவிய பலகையில் விரல் நுனி கற்கும் பாடம் அதில் இல்லை. கைத்திறன் தேவைப்படாத தாயத்தின் வழிவந்த லூடோ எதையும் இழக்காமல் மாறியது. கேரம் தன் பாதியைப் பலகையிலேயே விட்டுவிட்டு வந்தது. பல்லாங்குழிக்கும் ஆடுபுலிக்கும் செயலிகள் உண்டு, கூட்டம் இல்லை.

சதுரங்கத்தின் கதை தனி. மேல் அயனம்பாக்கத்தின் வேலம்மாள் பள்ளியில் படித்த குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்ற கணக்கில் வென்று உலக சாம்பியன் ஆனார். பிரக்ஞானந்தாவும் வேலம்மாள் பள்ளி மாணவரே. மேற்குப் புறநகர்ப் பிள்ளைகளின் கைபேசியில் சதுரங்கச் செயலி இருப்பதைப் பெற்றோர் குறை சொல்லாததற்கு இவர்களும் ஒரு காரணம். 2007இல் தொடங்கிய செஸ்.காம் தளம் 2022 டிசம்பரில் பத்துக் கோடி உறுப்பினர்களை எட்டியது. மூன்று நிமிட ஆட்டமும் உண்டு, நாளுக்கு ஒரு நகர்த்தல் ஆட்டமும் உண்டு. விளம்பரம் வேண்டாதவர்களும் பாடம் வேண்டுபவர்களும் சந்தா கட்டுகிறார்கள். 2010இல் பிரான்சில் பிறந்த லிசெஸ் தளமோ விளம்பரமும் கட்டணமும் இல்லாமல் நன்கொடையிலேயே ஓடுகிறது. மேலே சொன்ன வியாபார விதிகளுக்கெல்லாம் அது விலக்கு.

வம்பு வந்தது ரம்மியில். பதின்மூன்று சீட்டு ரம்மி, கல்யாண வீடுகளில் இரவைக் கழிக்க ஆடியது. அது திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கு ஒன்றில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பணம் வைத்து ஆடும் ரம்மிச் செயலிகள் முளைத்தன. ஒவ்வொரு மேசையிலும் விழுந்த பணத்தில் ஒரு பங்கு நிறுவனத்துக்குப் போனது. ஆகவே லூடோவுக்கு நேர் எதிரான கணக்கு இங்கே: காத்திருப்பு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு லாபம். முறைக்குச் சில நொடி கெடு, ஆட்டம் முடிந்தவுடன் அடுத்த மேசை தயார், நள்ளிரவிலும் எதிராளி தயார். கல்யாண வீட்டில் சீட்டைக் கலைத்துப் போடும் நேரத்தில் ஒருவர் எழுந்து போக முடியும். செயலியில் அந்த இடைவெளியே இருக்கவில்லை.

கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் பெருகியபின் தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டத்தால் தடை விதித்தது. அதைத் தொடர்ந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப்பின் 2022 அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம் வந்தது. சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கியது. தடை செய்ய முடியாது, கட்டுப்படுத்தலாம் என்ற நிலையில் 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் வந்தன. 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு அனுமதி இல்லை. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை ஆட்டம் கூடாது. நெடுநேரம் ஆடுபவருக்குத் திரையில் எச்சரிக்கை காட்ட வேண்டும். நிறுவனங்கள் அகற்றிய இடைவெளியை அரசு விதி போட்டுத் திரும்ப வைத்தது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் இந்த விதிகள் செல்லும் என்றது.

இரண்டு மாதத்தில் அந்த விவாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று. 2025 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இணைய விளையாட்டு மசோதாவை நிறைவேற்றின. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே அந்தச் சட்டம் கேட்கவில்லை. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டம் எதுவானாலும் நடத்தக் கூடாது. மீறினால் மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். ரம்மி நிறுவனங்கள் சில நாட்களிலேயே பண மேசைகளை மூடின. பந்தயம் இல்லாத சமூக ஆட்டங்களையும் மின்விளையாட்டுப் போட்டிகளையும் சட்டம் தனியே பிரித்து அனுமதித்தது. விளம்பரத்தாலும் சந்தாவாலும் வண்ணப் பகடை விற்பனையாலும் பிழைக்கும் லூடோ, கேரம், சதுரங்கச் செயலிகள் அந்தப் பிரிவுகளில் தொடர்கின்றன.